பலகைக்கு அடியில் மூன்று கட்டைகள்

9 பிப்ரவரி, ராஜபாளையம்

ஸ்ரீவில்லிபுத்தூர் அறிவியல் ஆசிரியர் கூட்டத்தில் வெங்கடேஸ்வரி டீச்சர் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "புரோட்டானை யாரும் திறந்து பாக்கல. பொறவு உள்ள மூணு குவார்க் இருக்குன்னு எப்படி சார் சொல்லுதீக?" புரோட்டான்மேல் எலக்ட்ரானை எறிந்து, அது சிதறிய திசைகளைப் பார்த்துத்தான் என்றேன். யாருக்கும் பிடிபடவில்லை.

அதனால் ஒரு பலகை செய்தேன். அடியில் மூன்று கட்டைகள். பக்கவாட்டில் கோலிக்குண்டை உருட்டி, அது திரும்பி வரும் திசையை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும். அறிவியல் தினத்தன்று ஆசிரியர்களுக்குப் போட்டி. கட்டைகளை ஒட்டிக் கொடுத்தவன் ஜெயபாண்டி. வேலையில் இருந்த காலமெல்லாம் என்னோடு ஒரே பைக்கில் போய் வந்தவன். இப்போது ஒரு தனியார் பள்ளிக்கு முதல்வர். உள்ளே என்ன இருக்கிறதென்று எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

16 பிப்ரவரி

ஒத்திகை. ஜெயபாண்டி பள்ளி ஆசிரியை சப்ரீன் நாலைந்து குண்டுகள்தான் உருட்டியிருப்பாள். கூட வந்த சக ஆசிரியர் கௌதம்ராஜ் சொல்லிவிட்டார்: "மூணு கட்டை சார். எல்லாம் தேக்கு."

தேக்கா? கண்ணாடிக் குண்டு மரத்தின் பெயரையுமா சொல்லும்?

17 பிப்ரவரி

ஜெயபாண்டியிடம் கேட்டேன். "ஏலே, குத்துமதிப்பா சொல்லியிருப்பாக. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குதியே!" வேலை இருக்கிறதென்று நழுவிவிட்டான்.

பையான் என்ற மீசானும், ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க்குவார்க்குமாக உள்ளே இரண்டே உள்ள துகள், இப்படித்தான். நிறுத்தி வைத்து அதன்மேல் எதையும் எறிய முடியாது, அதற்குள் அழிந்துவிடும். அதனால் அதையே எறிந்து, எலக்ட்ரானில் மோதவிட்டுப் பார்த்தார்கள்.

கட்டைகளை இடம் மாற்றி நானே ஒட்டினேன். இப்போதும் மூன்றுதான். ஜெயபாண்டியிடம் மட்டும் போனில், "இந்தத் தடவை மீசான் மாதிரி ரெண்டே ரெண்டு" என்றேன்.

22 பிப்ரவரி

சொல்லியிருக்க மாட்டான்.

28 பிப்ரவரி

சொல்லிவிட்டான்.

சப்ரீன் பொறுமையாக உருட்டி, ஒவ்வொரு திசைக்கும் கோடு போட்டாள். கோடுகள் மூன்று இடங்களை விட்டு விலகி ஓடின. "ரெண்டு" என்றாள்.

"கோடு என்னம்மா சொல்லுது?"

"மூணு மாதிரிதான் தெரியுது சார்... ஆனா ரெண்டுன்னு சொன்னாகளே." சொன்னதும் முகம் வெளிறிவிட்டது.

வாசலில் ஜெயபாண்டியைப் பிடித்தேன். "பள்ளிக்கூடத்துக்குப் பேரு வேணும்லே. நாங்க ஜெயிச்சா உனக்கென்ன நட்டம்?" என்றான்.

இம்புட்டு வருசமா யாருகூடப் பழகுனேன்? அந்தப் பிள்ளை தன் கண்ணையே நம்பாமப் போச்சே — பொய்யை எறிந்தது நான். பட்டது அவள்மேல்.

3 மார்ச்

ஜெயபாண்டி வந்தான். "உக்காருங்க சார்" என்றேன்.

"சாரா?" என்றான். உட்காராமலே போய்விட்டான்.

சாயங்காலம் சப்ரீனைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்று எழுதிக் கொடுத்தேன்:

ஒரு தீப்பெட்டிக்குள் வேறொருவரை ஏதாவது போடச் சொல்லம்மா. திறக்காமல் சாய்த்துப் பார். உனக்குக் கேட்டதை மட்டும் எழுது.