எல்லைப்புற வக்கீலைப் பற்றி வெள்ளிக்கிழமை

செவ்வாய், ஜனவரி 20

காலையிலிருந்து வளைகுடாத் தூசிக் காற்று. குதைபியாத் தெருவில் எதிர்க் கட்டடம் தெரியவில்லை. பால்கனிக் கதவு சாத்தியபடி. பிரஷர் மாத்திரை முடிகிறது, மகளிடம் சொல்ல.

அமெரிக்க வக்கீல் ஒருவரின் வாழ்க்கை வரலாறு, மறுபடி ஏழாம் அத்தியாயம். பத்தொன்பதாம் நூற்றாண்டு, எல்லைப்புற ஊர். தானியக் கிடங்குதான் நீதிமன்றம். நீதிபதிக்கு மாவுப் பீப்பாய் ஆசனம். ஜூரிகள் கலந்து பேச மரத்தடி. நீதிபதியும் வக்கீல்களும் சேர்ந்தே குதிரையில் ஊர் ஊராக. பகலில் மோதிய இருவருக்கு இரவில் சத்திரத்தில் ஒரே கட்டில். இந்த வக்கீல் பின்னாளில் செனட்டர். வாசகர் வட்டத்தில் வெள்ளிக்கிழமை நான் இவரைப் பற்றிப் பேச வேண்டும். ஏன் ஒப்புக்கொண்டேன்?

சாவகச்சேரி நீதிமன்ற நாட்கள் நினைவு. யாழ்ப்பாணத்திலிருந்து காலை பஸ். என் சீனியரும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஞானமும் ஒரே சீட்டில். நான் பின்னால், மடியில் கோப்புகள். மத்தியானம் மூவருக்கும் ஒரே சோற்றுப் பார்சல். கட்சிக்காரர் கண்டால் கோபிப்பார்கள் என்று பஸ் நிலையத்துக்குப் பின்னால் போய்ச் சாப்பிடுவோம். அந்தச் சம்பலின் உறைப்பு.

புதன், 21

ஃபஹாஹீலிலிருந்து ஞானம் போன். என்னைப் போல அவனும் இப்போது வளைகுடாவில், மகன் வீட்டில்தான். பேச்சைப் பற்றிச் சொன்னேன்.

"நீயோ? பேசப்போறியோ?"

"ஓம்."

"கோட்டிலை நீ வாய் திறந்ததை நான் காணேல்லை. சீனியர் கையை நீட்டுவார், நீ பேப்பரை வைப்பாய்."

"இப்ப சீனியர் இல்லைத்தானே."

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. போனைப் போட்டு விடு, நானும் கேக்கிறன்."

சிரித்தான். நானும். பிறகு வாசிப்பு ஓடவில்லை. உண்மைதான். வழக்கு முழுவதையும் தயார் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடலாமா?

வியாழன், 22

சொல்லிப் பார்த்தேன். மகள்: "தொண்டைக்கு என்ன அப்பா? விடியத் துவங்கி அறைக்குள்ளை தனியக் கதைச்சுக்கொண்டுதானே இருக்கிறியள்."

கடைசி அத்தியாயம். அடிமை முறையைப் புதிய நிலங்களுக்கும் விரிக்க ஒரு மசோதா. ஆதரிக்கும்படி ஊரார் சொல்கிறார்கள். செனட்டர் எதிர்த்து வாக்களிக்கிறார். பதவி போகிறது. ஊர் திரும்பிப் பழைய பெயர்ப்பலகையையே மாட்டுகிறார். இதைச் சரியாகச் சொல்லாவிட்டால் பேச்சே இல்லை. என்னால் ஆகுமா, தெரியாது.

என் பெயர், சீனியருடைய பலகைக்குக் கீழே சிறிய எழுத்தில். பிறகு போர், இடப்பெயர்வு. அதோடு சரி.

சட்டை தேய்க்க. கண்ணாடி துடைக்க.

வெள்ளி, 23

போனேன். உணவகத்தின் மாடி, சிறு கூட்டம். தலைமை செல்வம், ராமநாதபுரத்துக்காரர், கட்டட சைட்டில் ஃபோர்மன். பெயர் சொல்லி அழைத்தார். எழுந்து அவரைப் பார்த்துத் தலை வணங்கினேன். நின்றேன். நீதிபதி தலையசைக்கும் முன் தொடங்கக் கூடாது, அந்தப் பழக்கம். செல்வமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, மைக் ஆன்லதான் இருக்கு. பேசுங்க."

அப்போதும் அவர் தலையசைப்புக்காகவே நின்றேன். மகள் உயர்த்திப் பிடித்திருந்த கைப்பேசியிலிருந்து ஞானம், நீதிபதியின் தொனியில்: "தொடரலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். தொடங்கினேன். கிடங்கு, பீப்பாய், கட்டில். மசோதாவுக்கு வந்தபோது தாளைப் பார்க்கவில்லை.

கீழே இறங்கும்போது செல்வம்: "மனுசன் தோத்துட்டு வந்து அதே போர்டை மாட்டுனாரு பாருங்க, அதான்யா எனக்குப் புடிச்சது."



சனி, 24

நல்ல குளிர். மாத்திரை வாங்கியாயிற்று.

ஞானம் போன். பேச்சு நன்று என்று ஒரு சொல் இல்லை. செனட்டர் செய்தது பிழையாம்.

"அனுப்பின சனம் ஒண்டு சொல்ல இவர் வேறை செய்யிறதெண்டால், பிறகேன் சனம்?"

"அடிமையாக் கிடந்ததுகளும் சனம்தானே. அதுகளை ஆர் கேட்டது?"

ஞானம் செருமிக்கொண்டு, "எனது கற்றறிந்த நண்பர் ஒரு விசயத்தை மறந்திட்டார்" என்று தொடங்கினான்.

மன்றில் எதிர்த்து வாதிடுபவரை மட்டுமே அப்படிக் குறிப்பிடுவது வழக்கம். என் சீனியரை எத்தனையோ முறை அப்படிச் சொல்லியிருக்கிறான். என்னை, இன்றுதான்.

அவன் முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு சமையலறைக் கதிரையை நகர்த்திவிட்டு, போனைக் காதில் வைத்தபடி, எழுந்து நின்றேன்.