கண்ணடித்தது நானில்லை

பிரெசில்லா,

நீ பூசை முடிந்து வருவதற்குள் கிளம்புகிறேன். சாளைக் குழம்பை மூடி வைத்திருக்கிறேன். பூனை இன்னும் சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்யும், நம்பாதே.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜோதிமேரியைப் பார்த்து நான் கண்ணடிக்கவில்லை. இடது இமை தானாகச் சரிந்திருக்கிறது. நேற்று ராமநாதபுரத்தில் கண் டாக்டரம்மா இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். சிறுத்திருந்த இடது கண்மணி விரிந்தது. வலது அப்படியே இருந்தது.

"தாத்தா, கண்மணிக்குப் போற நரம்புலதான் கோளாறு."

"ஆமாம்மா, கண்மணி ஞாயித்துக்கிழமையிலேர்ந்து பேசவே மாட்டேங்குறா" என்றேன், உன்னை நினைத்து.

திரும்பும்போது பாம்பனில் கடலும் வானமும் ஒன்றாகக் கரைந்து கிடந்தன. நடுவே மிதந்து போன ரயிலில், செத்துப்போன உன் அய்யா ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தார். உன்னை விசாரித்தார்.

டாக்டரம்மா சொன்ன அந்த நரம்பு நெஞ்சுக்குள் இறங்கித்தான் கண்ணுக்கு ஏறுகிறதாம். அங்கே கட்டி ஏதும் இருக்கிறதா என்று இன்றைக்கு ஸ்கேன். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்தான் எடுக்கிறார்கள்.

வேதநாயகம்

இதையும் படி: கொஞ்சம் பயமாக இருக்கிறது. கோபம் தீர்ந்திருந்தால் அடுத்த பஸ்ஸில் வா. தீராவிட்டாலும் வா, பக்கத்தில் உட்கார்ந்து திட்டு.