இரண்டு தரம் போட்ட அரிசி

மாத்தளை
17.01.2026

என் செல்ல மகள் வாகினிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம். நீயும் கசுனும் வயிற்றுப் பிள்ளையும் நல்லாயிருக்க அம்மன் துணை நிற்பாள். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் உன்னோடு கதைக்கத் தொடங்கினால் உன் அப்பா பேப்பரும் கையுமாகப் பக்கத்தில் வந்து குந்திவிடுவார். அதனால் நாளை மெல்பேர்ணுக்கு வரும் நல்லையா அண்ணனிடம் ஏலக்காயோடு இதையும் கொடுத்து விடுகிறேன்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். நீ கசுனைக் கட்டிய பிறகு நம் வீட்டுக்கு மூன்று தை வந்து போனது, ஒரு வழியையும் காணவில்லை.

நம் வீட்டு முறை உனக்குத் தெரியும். பால் பொங்கி வழிந்ததும் அப்பா ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஒரு பிடி அரிசி போடுவார். தம்பி பவித்ரன் கொழும்பில் நின்றாலும் அவன் பிடி தவறாது. சிங்களப் பெடியனைக் கட்டினாய் என்ற கோபத்தில் உன் பெயரை மட்டும் விழுங்கிவிட்டார் மனுஷன். நான் விடுவேனா? அவர் கண்ணை மூடிச் சூரியனைக் கும்பிடும் நேரம் உன் பிடியை மெல்லப் போட்டுவிடுவேன்.

இந்த முறை உங்கள் மூவருக்கும் மூன்று பிடி போட்டேன். நான் கையை உதறவும் அவர் கண் திறக்கவும் சரியாயிருந்தது. அவரும் அரிசிச் சுளகில் கை வைத்தார். "வாகினிக்கு" என்றார். பிறகு "கசுனுக்கு." இன்னொரு பிடி அள்ளி, "வரப்போற பிள்ளைக்கு." ஏற்கனவே போட்டாயிற்று என்று எந்த வாயால் சொல்ல, பிள்ளை?

பொங்கல் இறுகிக் கட்டியாகிவிட்டது. பக்கத்து வீட்டு றாபியா, இது பொங்கலா மஸ்கட் அல்வாவா, வெட்டக் கத்தி தாங்க என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், அழுதேன், புகை என்று சொன்னேன்.

சாப்பிடும்போது குனிந்தபடியே அப்பா சொன்னார்: "மூண்டு வரியமா நீ போடுறது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? நீ போடட்டும் எண்டுதான் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான்." இந்த முறை ஏன் நீங்களும் போட்டீர்கள் என்று கேட்டேன். "அது தாய் போட்டது. தகப்பன் போட வேண்டாமோ?" என்றார். மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்த கல் அப்போதுதான் இறங்கியது.

ஆனாலும் அவராக உனக்குப் போன் எடுக்கமாட்டார், வீம்பு போகாது. வருகிற வெள்ளிக்கிழமை காலை நான் முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போய்விடுவேன். என் போனை மேசையில் வைத்துவிட்டுப் போவேன். இங்கத்து நேரம் ஏழு மணிக்கு அதற்கு எடு. வேறொன்றும் கேட்காதே, பொங்கல் எப்படி என்று மட்டும் கேள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

சுகமாகப் பெற்றெடு, மகளே. அடுத்த தைக்கு உங்கள் அரிசியை நீங்களே வந்து போடுங்கள்.

உன் அம்மா
தவமணிதேவி