நாலு கடிதவுறைகள்

பெப்ரவரி 3, திங்கள்

குர்மேல் சிங்கின் தலைமயிரை வெட்டிவிட்டார்கள். எண்பத்திரண்டு வயதுவரை கத்தரி படாத சீக்கியத் தலை. நான் கண் டொக்டரிடம் போய்வந்த மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். வெட்டியது குப்பைப் பையில் போய்விட்டது. பக்கத்துக் கட்டிலில் இருப்பது யார் என்று எனக்கு ஒரு கணம் தெரியவில்லை.

சிக்குப் பிடித்து அடித்தோல் புண்ணாகிவிட்டதாம். முதியோர் இல்லத்துப் பொறுப்பாளர் ஸ்டெபனி சொல்கிறார். மகன் ஹர்பாலுக்கு ஒருதரம் தொலைபேசி எடுத்தார்களாம். அவன் ட்ரக்கோடு வினிபெக் பக்கம், பதில் இல்லையாம். ஒருதரம்!

பெப்ரவரி 4

குர்மேல் சாப்பிடவில்லை. இடது கை தலைவரை போகிறது, பாதியில் திரும்புகிறது.

பெப்ரவரி 5

மிசிசாகாவில் விமானச் சாப்பாட்டுத் தட்டுக் கழுவும் இடத்தில் இருபத்திரண்டு வருஷம் அருகருகே நின்றோம். பாரிசவாதத்தில் அவருக்கு வலது கையும் பேச்சும் போன பிறகு, நான் கேட்டுத்தான் இந்த அறைக்கு வந்தேன். காலையும் மாலையும் அவர் தலையைச் சீவுவது என் வேலை. சீவி, குடுமி கட்டி, மரச் சீப்பை அதற்குள்ளேயே செருக வேண்டும். கையிலுள்ள இரும்புக் காப்பைப் போல அதுவும் அவரை விட்டுப் பிரியக்கூடாது. உதிரும் மயிரையும் எறியக்கூடாது. மாதம் எழுதிய கடிதவுறையில் போட்டு வைப்பேன்; மகன் வரும்போது கொண்டுபோய் எரிப்பான். ஒக்ரோபருக்குப் பிறகு அவன் வரவில்லை.

இப்போது சீப்பு மேசையில் கிடக்கிறது. செருக இடமில்லை.

பெப்ரவரி 6

காலை வேலைக்கு வரும் கௌசி, நம் ஊர்ப் பிள்ளை, கட்டில் விரித்தபடி சொன்னாள்:

"அங்கிள், கோவிக்காதேங்கோ. எத்தினை தரம் கேட்டனான், தாங்கோ நான் தலை இழுத்து விடுறன் எண்டு? உது சமய விசயம், நீ கை வையாதை எண்டு கலைச்சனீங்கள்."

"கலைச்சனான்தான். உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. சிக்கெடுக்க மட்டும் தெரியும்."

பெப்ரவரி 7

முறைப்பாடு எழுத உட்கார்ந்தேன். நாள் தவறாமல் சீவினேன் என்று காட்டக் கடிதவுறைகளை எடுத்தேன். ஒக்ரோபர் உறை பருத்திருக்கிறது. நவம்பரில் நாலைந்து இழை. டிசம்பரில் ஒன்று. ஜனவரி உறை வெறுமை.

ஒழுங்காகச் சீவினால் மயிர் உதிரும். உதிரவில்லை.

சலரோகத்தில் சீனி கூடி என் விரல்கள் மரத்தது நவம்பரில்தான். மேலே மட்டும் தடவி, உள்ளே உருண்டதைக் குடுமிக்குள் மடித்து, துணியைச் சுற்றினேன். ஏலாது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன குறைஞ்சுபோகும்? அவருக்கு நொந்திருக்கும். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை – எனக்காகவா பொறுத்தார்?

முறைப்பாட்டை மாற்றி எழுதினேன். அவர்கள் பிழை ஒன்று, என் பிழை ஒன்று. என் பிழையைக் காட்டி அவர்கள் தப்ப விடமாட்டேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

ஹர்பால் வந்தான். நாலு உறைகளையும் வரிசையாக வைத்து நடந்ததைச் சொன்னேன். "எனக்குச் சொல்லியிருக்கலாமே, அங்கிள்" என்று இங்கிலிசில் சொன்னான். அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நாலையும் எடுத்துப்போனான், வெறும் உறையையும்.

பெப்ரவரி 20

குர்மேலுக்கு அரைக் கோப்பை பருப்பு இறங்கியது. என் பக்கம் பார்க்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஒரு அங்குலம் வளர்ந்திருக்கிறது. குடுமி கட்டுமளவுக்கு அவர் காலத்தில் இனி வளராது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

காலையில் குர்மேல் இடது கையால் சீப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். நான் வாங்கவில்லை. கௌசியைக் காட்டினேன். நீட்டிய கையை அவர் வெகுநேரம் மடக்கவில்லை. பிறகு அவளிடம் கொடுத்தார்.

இனி யார் எதைச் செய்வது என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஸ்டெபனியிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று:

கத்தரி எடுக்கமுன், மகன் பதில் சொல்லும்வரை காத்திருப்பது – ஸ்டெபனி.

காலை மாலை சீவுவது – கௌசி. அவளுக்கு லீவென்றால் வேறொருவர். நான் அல்ல.

ஞாயிறுகளில் தலைப்பாகை கட்டி, சீப்பை மடிப்புக்குள் வைப்பது – ஹர்பால்.

உதிர்வதைப் பொறுக்கி உறையில் போடுவது – நான். இன்றைக்கு மூன்று. குட்டை மயிர், விரலுக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்து எடுத்தேன்.