இரண்டு மணி நேரத்தில் கரைந்த மாத்திரை

வியாசர்பாடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அன்புக்கரசிக்கு நைனா எழுதுவது. நானும் உன் அம்மா ரமாபாயும் சுகமாக இருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் நீயும் அப்படியே இருந்தால் போதும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மணலிக் காற்றில் என் இருமல்தான் விடவில்லை. போனில் சொன்னால் விடு நைனா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி.

மரமஞ்சள் சத்தில் இரண்டு வருடம் உழைத்து நீ செய்தாயே, பன்னிரண்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் சர்க்கரை நோய் மாத்திரை, அதைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு உன்மேல் திருட்டுப் பழிபோட்டு லேபிலிருந்து துரத்தினானே உன் மேலதிகாரி சுயம்பு, அவன் போன செவ்வாய்க்கிழமை மருந்தை வாங்க வந்த வெளியூர்க்காரர்கள் முன்னால் அதைக் காட்டினான். மாத்திரை அடித்தது நான் ஓட்டுகிற மெஷினில்தான். மெதுவாகக் கரையவைக்கும் பிசின் பொடியில் பாதியை மருந்துக் குருணைக்குள்ளேயும் பாதியை வெளியேயும் சேர்க்கவேண்டும் என்று நீ வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பாயே, அவன் மொத்தத்தையும் வெளியே கொட்டியிருந்தான். பார்த்ததும் தெரிந்தது, வாயைத் திறக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் சுழலவிட்டார்கள், இரண்டே மணி நேரத்தில் மாத்திரை கரைந்து தண்ணீர் மஞ்சளாகிவிட்டது.

பிறகு சுயம்பு கேண்டீனுக்கு வந்து, "ஜெயவேல், உங்க பொண்ணு வீட்ல ஏதாவது சொல்லியிருப்பாளே, ஞாபகப்படுத்துங்க" என்று கெஞ்சினான். முதலாளி காதில் விழுகிற மாதிரி, "இன்னா சார், உன் மருந்து, உன் கையெழுத்து, அதுல எம் பொண்ணு எங்கேந்து வந்தா?" என்றேன். முதலாளி கூப்பிட்டு விசாரித்தார். மறுநாள், நீ தேதி போட்டு எழுதிய நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். இது உன் வேலைதான் என்று சுயம்பு தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போனான். அன்றைக்கு உன் பையைக் கொட்டிப் பார்த்த மாதிரியே செக்யூரிட்டி வசீம் அவன் பையையும் கொட்டினான், நான் நின்று பார்த்தேன்.

அம்மா, "போதும்யா, அவன் புள்ளைங்க இன்னா பண்ணுச்சி" என்கிறாள். எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தச் சரக்கு வீணானதில் பேக்கிங் மகிமாவுக்குப் பத்து நாள் வேலை போனது, அது மட்டும் உறுத்துகிறது.

அந்த நோட்டில் செய்முறை எழுதிய கடைசி மூன்று பக்கத்தை மட்டும் நான் கொடுக்கவில்லை. முதலாளி உன்னைக் கூப்பிடுவார். கொடு என்று நீ சொன்னால் கொடுக்கிறேன், என்னைக் கேட்டால் கூடாது என்பேன்.

யாருக்கும் தலைகுனியாமல் நீ நன்றாக இருக்கவேண்டும். வேளைக்குச் சாப்பிடு. எதை எழுதினாலும் தேதி போட்டுக் கையெழுத்துப் போடு, அந்த ஊரிலும் ஒரு சுயம்பு இருப்பான்.

உன் நைனா
ஜெயவேல்