விதைக்கு விட்ட சுரைக்காய்

ஐப்பசி, ஞாயிறு இரவு.

மொட்டை மாடியில் விதைக்கென்று நான் விட்டிருந்த சுரைக்காயை, குடியிருப்புச் சங்கச் செயலாளர் மூர்த்தி கேட்காமல் கூட்டுக்குப் பறித்துப் போய்விட்டார். விதை போனால் அடுத்த ஆண்டு எங்கள் குடியிருப்பில் யாருக்கும் காய் கிடையாது. சண்டைக்கே போனேன்.

அவர் மனைவி சீதா கதவைத் திறந்தாள். "நக்கோ மாமா, திட்டாதீங்க. கத்தி உடைஞ்சதுதான் மிச்சம். காய்ல கீறல்கூட இல்லை."

"முத்தின காய்னு சொல்லியிருந்தா நான் ஏன் தொடறேன்?" என்றார் மூர்த்தி, உள்ளேயிருந்து.

"குடியிருப்புக்கே சட்டம் சொல்றீங்க. காயைத் தட்டிப் பார்க்கத் தெரியலையா?"

சீதா சிரித்தாள். விதை பிழைத்ததில் நானும் சிரித்தேன். மன்னிக்கவில்லை.

நாளை மூர்த்தி அந்தக் காயைத் தன் பால்கனியில் உலரக் கட்ட வேண்டும். சீதா இனி விதைக்காய்களுக்குச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். விதையை எல்லா வீட்டிலும் பிரித்து வைக்க வேண்டும், என்னிடம் மட்டும் இருக்கக் கூடாது. கூட்டுக்கு ஓர் இளங்காயை நான் அவர்களுக்குப் பறித்துக் கொடுக்க வேண்டும்.