சத்தமில்லாத வேன்

ஜூன் 10, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாக ஃபிரிட்ஜிலிருந்து எலுமிச்சை எடுத்துப் பையில் போட்டேன். மழை இல்லை. வெயில் காலையிலேயே உறைத்தது.

நோயாளிகளை ஏற்றிப்போக வாங்கிய புது எலக்ட்ரிக் வேன் இரண்டும் அலுவலகத்துக்கு வந்த நாள். டயருக்கு எலுமிச்சை வைக்கலாமா என்று புவான் ரொஹானாவிடம் கேட்டேன். எங்கள் பிரிவுத் தலைவி. தாராளமாக வை, இன்ஷூரன்ஸில் அது மட்டும்தான் விட்டுப்போயிருக்கிறது என்றார்.

டிரைவர் குமரன், வேன் ஓட்டும் குத்தகை எடுத்த கம்பெனி ஆள். ராசா டவுனிலிருந்து வருகிறான். முன்னே பின்னே ஓட்டி நசுக்கினான்.

"எலுமிச்சங்கா நசுங்குற சத்தம்தான்கா பெரிசா கேக்குது. வண்டி ஓடுதா இல்லையான்னே தெரியல."

எல்லாரும் சிரித்தோம். நானும்.

இந்த வேன்களுக்கான தேவை அறிக்கை நான் எழுதியது. சக்கர நாற்காலிக்குத் தாழ்ந்த படி, பிடித்து ஏறக் கம்பி, ஈஜோக் பக்கத்து எஸ்டேட்டுகளைச் சுற்றிவிட்டுத் திரும்பிவர பேட்டரி. என் அக்கா ஏறுவதை மனதில் வைத்தே ஒவ்வொரு வரியும். வியாழன் முதல் ஓட்டம். டயாலிசிஸ் நோயாளிகள். பட்டியலில் லெட்சுமி அக்கா பெயர் இரண்டாவது.

பழைய டீசல் வேனைப் பின்பக்கம் தள்ளி நிறுத்திவிட்டார்கள். ஏலத்துக்கு.

வாங்க வேண்டியது: சலவைத்தூள், அக்காவுக்கு உப்பில்லாத பிஸ்கட்.

ஜூன் 12, வியாழன்

மதியம் டயாலிசிஸ் சென்டரிலிருந்து போன். லெட்சுமி வரவில்லை.

குமரனைக் கூப்பிட்டேன். "லயத்து வாசல்லதான்கா நின்னேன். போன் அடிச்சேன், லைன் போகல. எறங்கிப் போய்க் கூப்பிடலாம்னா உள்ள ரெண்டு பெரியவங்க உக்காந்திருக்காங்க. வண்டிய விட்டு எறங்கக் கூடாதுன்னு கம்பெனி சட்டம். மத்தவங்களுக்கும் நேரமாச்சுல்ல."

அவன் மேல் தவறில்லை. லயத்து வரிசை வீடுகளுக்குள் போன் லைன் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். அவனிடம் சொல்லவில்லை.

வேலை முடிந்து நேரே ஈஜோக், அக்கா வீட்டுக்கு. அக்கா தலை சீவி, பொட்டு வைத்து, போர்வைப் பையை மடியில் வைத்தபடி நாற்காலியில்.

"வண்டி வரல பாப்பா."

"வந்துச்சுக்கா. வாசல்ல நின்னுச்சாம்."

"சத்தமே கேக்கலையே."

பழைய வேன் செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பும்போதே லயம் முழுக்கக் கேட்கும். சைலன்சர் ஓட்டை. யாரும் கடிகாரம் பார்க்க மாட்டார்கள். அந்த உறுமல் கேட்டால் அடுப்பை அணைத்துச் செருப்பு மாட்டுவார்கள். இத்தனை வருடப் பழக்கம்.

படியை யோசித்தேன், கம்பியை யோசித்தேன். சத்தத்தை யோசிக்கவில்லை.

அக்காவின் கால் வீங்கியிருந்தது. அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

ஜூன் 13, வெள்ளி

சென்டரில் இன்று இடமில்லை. நாளைக்குத்தான்.

காலைக் கூட்டத்தில் கேட்டேன். லயத்து வாசலில் ஹாரன் அடிக்க அனுமதி, இல்லாவிட்டால் ஒரு மணி. சிரித்தார்கள். சத்தமில்லாத வண்டி வாங்கி அதற்குச் சத்தம் பூட்டுவதா என்று ஒருவர். குடியிருப்புப் பகுதியில் ஹாரன் கூடாது, ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று இன்னொருவர். புவான் சிரிக்கவில்லை. எழுதிக் கொடு, பார்க்கிறேன் என்றார்.

எழுதிக் கொடுத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் பழைய வேனைப் போய்ப் பார்த்தேன். பேட்டரி கழற்றியாகிவிட்டது. சீட்டில் பூனை. கழித்துவிடலாம் என்று குறிப்பு எழுதியவளும் நான்தான்.

தலைவலி. பனடோல் இரண்டு.

ஜூன் 14, சனி

விடியும் முன்பே மோகன் போன். அக்கா மகன். புக்கிட் செந்தோசாவில் வீடு, ரவாங்கில் தொழிற்சாலை வேலை. வார இறுதிக்கு அம்மாவைப் பார்க்கப் போனவன், மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறான்.

வார்டு வாசலில் என்னைப் பார்த்ததும்:

"என்னா சித்தி, பேப்பர்ல படம்லாம் வரும்னீங்க உங்க வண்டிக்கு."

மைலோ வாங்கிக் கொடுத்தேன். குடித்தான். பிறகு அழுதான்.

அவசரமாக டயாலிசிஸ் செய்தார்கள். இதயம் ரொம்ப பலவீனம் என்றார் டாக்டர். ஒவ்வொரு தடவையும் தாங்குவதே கஷ்டம், இனித் தேறாது. போன தடவையும் இதையே சொன்னார்கள். அக்காவுக்கும் தெரியும்.

மழை. துணி எடுக்க ஆளில்லை, நனைந்திருக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

அனுமதி கிடைத்துவிட்டது. லயத்து வாசலில் இரண்டு தடவை ஹாரன். புவானே கம்பெனிக்குப் பேசியிருக்கிறார். இந்த அலுவலகத்தில் நான் எழுதிக் கேட்டு இவ்வளவு சீக்கிரம் கிடைத்தது வேறெதுவுமில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்காவுக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னேன், இனிமேல் ஹாரன் அடிப்பார்கள் என்று.

பின்னல் முடிந்த பிறகுதான் அக்கா கேட்டாள்:

"எதுக்கு பாப்பா இவ்ளோ அலஞ்ச."

"பின்ன?"

"வண்டி வரலன்னது பொய். ஜன்னல்ல பாத்தேன். வெள்ளையா வந்து நின்னுச்சு, கப்பல் மாரி. அந்தத் தம்பி இப்டி எட்டி எட்டிப் பாத்தான்."

சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டினேன்.

"பழைய வண்டி உறுமுச்சுன்னா காலு தானா எந்திரிச்சிரும். தோட்டத்து மண்டோரு வேலைக்குத் தப்பு தட்டிக் கூப்புட்ட மாரி. போலாமா வேணாமான்னு யோசிச்சதே இல்ல. அன்னைக்கு யாரும் கூப்பிடாத மாரி இருந்துச்சு. உக்காந்துட்டேன். நல்லா இருந்துச்சு பாப்பா."

"போதும்ங்கிறியா?"

"எப்பவோ போதும். மோகன் மூஞ்சப் பாத்துச் சொல்ல வாய் வரல. ஹாரன் அடிச்சா மறுபடி எந்திரிச்சிருவேன், பாத்துக்க."

பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் திரும்பி, "எந்தங்கச்சி வாங்குன வண்டி. ஏசிலாம் இருக்கு" என்றாள்.

ஜூன் 18, புதன்

அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாளைக் காலை டயாலிசிஸ், தவறக் கூடாது என்றார்கள். தலையாட்டினேன். மோகன் இரவு ஷிப்ட்டுக்குப் போய்விட்டான். நாளைக்கு வேன்ல ஏத்திருங்க சித்தி என்று கையைப் பிடித்துக்கொண்டான். அதற்கும் தலையாட்டினேன்.

குமரன் சாயங்காலம் செய்தி அனுப்பியிருந்தான். ஹாரன் டெஸ்ட் பண்ணிட்டேன்கா, எஸ்டேட்டே எழுந்திரிக்கும்.

இரண்டாம் கட்ட வேன்களுக்கான தேவை அறிக்கை வெள்ளிக்குள் வேண்டுமாம். என்ன எழுதுவது. இந்த ஓட்டத்துக்கு ஒரு இருக்கை குறைத்துக்கொள்ளலாம் என்றா.

இன்று இங்கேயே படுக்கை, ஈஜோக்கில். அக்கா கஞ்சியில் உப்பு போடச் சொன்னாள். போட்டேன். முழுதும் குடித்துவிட்டுத் தூங்குகிறாள். நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன், காரணம் சொல்லவில்லை.

மோகனுக்குத் தெரியாது. புவானுக்குத் தெரியாது. அக்காவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. காலையில் ஹாரன் அடிக்கும் முன்பே நான் பாதை முனைக்குப் போய் நிற்பேன். குமரன் கண்ணாடியை இறக்குவான். அடிக்க வேண்டாம், கிளம்பு என்பேன்.